அன்றைக்கு இருந்த தண்ணீர்

ஐஸ் பெட்டிக்கு பிளக் வேண்டும் என்று மோகன்ராஜ் மீன் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். கூடத்தில் இருந்த ஒரே பெரிய பிளக் பாயின்ட் அதுதான். அவன் அக்கா இளமதியின் உடம்பு ஆம்புலன்ஸில் வாசலுக்கு வந்துவிட்டது. நின்று யோசிக்க நேரமில்லை. தொட்டியின் ஒயரைச் சுருட்டி ஓரமாகப் போட்டான். பெட்டியின் ஒயரைச் செருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது.

காலை பத்து மணி. சித்திரை வெயில். மூன்று நாளுக்கு முன்பு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவள், தலையை வலிக்கிறது என்று செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். அவளுக்கு இருபத்தொன்பது வயது.

அவள் கணவன் அன்புசெல்வன் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் தோளைத் தொட்டார்கள். அவன் தலையை ஆட்டினான். தொட்டி இருக்கும் மூலையிலிருந்து எப்போதும் ஒரு மோட்டார் சத்தம் வரும். நாலு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். அன்றைக்கும் அங்கிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. அது தொட்டியின் சத்தம் இல்லை, பெட்டியின் சத்தம் என்று அவனுக்கு உறைக்க ஏழு மணி நேரம் ஆனது.

மாலை ஐந்து மணிக்கு எதற்கோ தலையைத் தூக்கினான். தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

எழுந்தான். ஒன்றுக்குப் போகிறான் என்று வழி விட்டார்கள்.

தொட்டிக்குக் கீழே அலமாரியில் மூடி போட்ட வாளி மாதிரி ஒரு ஃபில்டர் இருந்தது. தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கி, ஸ்பாஞ்சையும் விரல்கணு அளவு பீங்கான் வளையங்களையும் கடந்து மறுபடி மேலே ஏறும். அந்த வளையங்களின் துளைகளில்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது என்பாள் இளமதி. மீன் கழிவைத் தின்று நஞ்சை முறிக்கும் பாக்டீரியா. அதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும். ஏழு மணி நேரம் மூடிய வாளிக்குள் நின்ற தண்ணீரில் காற்று தீர்ந்திருக்கும். பாக்டீரியா செத்து அழுக ஆரம்பித்திருக்கும். அப்படியே சுவிட்சைப் போட்டால் அழுகலெல்லாம் மேலே போய் மீனைக் கொல்லும். முதலில் திறந்து கழுவ வேண்டும்.

தொட்டியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் பிடித்தான். ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். மூடியைத் திறந்தான்.

அழுகிய முட்டை நாற்றம். சாவு வீட்டில். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். ஒவ்வொருவராகக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி சரியாகக் குளிர்கிறதா என்று யாரோ மோகன்ராஜைக் கேட்டார்கள். அவன் ஓடிப் போய்க் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தான்.

அவள் இல்லை, இது ஃபில்டர் என்று அன்புசெல்வன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் போட்டு அரிசி களைவது போல் களைந்தான். தேய்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. சோப்பு இல்லை. எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடி. ஸ்பாஞ்சை இன்னொரு வாளியில் அமுக்கி அமுக்கி எடுத்தான்.

“பொண்டாட்டி பொட்டில படுத்துனு கீறா. இவன் மீனு கழுவிக்கினு கீறான்” என்றாள் ஒரு கிழவி. சத்தமாகத்தான் சொன்னாள்.

மாமியார் கங்கம்மா பின்கட்டு நிலையில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் கை தண்ணீருக்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலறையில் மிக்சி போடும் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து மோட்டாரை ஓட வைத்தான். மறுபடி வந்து பெட்டியருகே உட்கார்ந்தான். மறுநாள் காலையில் எடுத்தார்கள். அவன் அழவில்லை. அழாததைப் பற்றிப் பாதி ஊர் பேசியது. மீன் கழுவியதைப் பற்றி மீதி ஊர் பேசியது.

*

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் சோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. இரும்பில் எத்தனை கார்பன் என்று பார்த்துச் சொல்வான். அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இளமதி லேப் பார்த்தாள். பொன்னேரியில் விலங்கியல் படித்தவள். பகலெல்லாம் காற்றூதும் தொட்டியில் பாக்டீரியாவை வளர்ப்பதுதான் அவள் தொழில். “கம்பெனில அதுங்களுக்கு சோறு போடறேன், ஊட்லயும் அதுங்களுக்குத்தான். உனக்கு ஹோட்டல் கீதுல்ல?” என்பாள்.

நாலடித் தொட்டி. இருநூறு லிட்டர் உப்புத் தண்ணீர். கொளத்தூர் கடையில் நகத்தளவு துண்டாக வாங்கி வந்த பவள உயிர்கள் நாலு வருடத்தில் தொட்டிக்குள் வைத்த பாறையெல்லாம் படர்ந்து, விளக்குப் போட்டதும் பொத்தான் பூக்களாக விரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் ஃபில்டரைக் கழுவுவாள். தொட்டியிலிருந்து ஒரு வாளி, இருபது லிட்டர் எடுப்பாள். அதில் வளையங்களில் பாதியை மட்டும் களைவாள். மீதிப் பாதி அடுத்த வாரம். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்புத் தண்ணீரில் வாழும் பாக்டீரியா அந்த நிமிடமே வெடித்துச் சாகும். “போர் தண்ணி பட்டுச்சுன்னா த்ரீ நாட் டூ, கொலக் கேஸு” என்பாள். தண்ணீரின் நிறத்தைத் தெளிய வைக்கும் ஒரு சின்னப் பைக்கு மட்டும் தனிச் சிவப்பு வாளியில் ப்ளீச். அதுவும் ஒரு நாள் ஊறி, அலசி, ப்ளீச்சை முறிக்கும் மருந்தில் ஊறி, மறுபடி அலசி, வாசனை சுத்தமாகப் போனால்தான் தொட்டிக்குத் திரும்பும். எத்தனை அலசினாலும் ஞாயிறு சாயங்காலம் அவள் விரல்களில் அந்த வாசனை லேசாக இருக்கும்.

பாறைக்குள் ஒரு சொடக்கு இறால் இருந்தது. பாறையோடு வந்தது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சொடக்குப் போடும் சத்தம் மட்டும் கேட்கும். “வாடகை குடுக்காத குடித்தனக்காரன்” என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

அவள் போன பிறகு, ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்து இருட்டில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சொடக்கு கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இளமதிக்கு உட்கார்ந்தால் விரலில் சொடக்கெடுக்கும் பழக்கம். அது இறால் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே, விளக்கைப் போடாமல் நிலையருகே நின்று, பத்து விரலுக்கும் கேட்கிறதா என்று எண்ணினான்.

*

பதினாறாம் நாள் கருமாதி. வீட்டைக் கழுவினார்கள். சாவு நடந்தபோது வீட்டில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது வழக்கம். டிரம், குடம், ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில், குளியலறை அண்டா, எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். கடைசியில் மோகன்ராஜ் தோட்டக் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தொட்டியருகே வந்தான்.

“மாமா, இதுவும்தான்.”

அன்புசெல்வன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான். “இது கடல் தண்ணி. கடலுக்கு ஏது தீட்டு?” என்றான்.

கடையில் வாங்கிய உப்பைக் கரைத்த தண்ணீர்தான். ஆனால் அதற்கு எதிர்ப்பேச்சு யாருக்கும் தோன்றவில்லை. சடங்கு செய்ய வந்தவர், சரிதானே என்று சொல்லிவிட்டார். மோகன்ராஜ் குழாயைச் சுருட்டினான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கங்கம்மா மட்டும் கூடத்தில் இருந்தாள். பதினாறு நாளும் படத்துக்கு முன்னால் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, போனவள் தாகத்துக்கு வந்து குடித்தாளா என்று காலையில் எட்டிப் பார்த்தவள். சொம்பில் ஒருநாளும் குறையவில்லை. இப்போது அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் இளமதி போட்ட நீலக் கோடு இருந்தது. தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. சாவன்று எடுத்த இரண்டு வாளிக்கு அந்த வாரமே ஈடு ஊற்றியிருந்தான்; இது ஒரு வாரக் கூட்டத்தில் அவன் பார்க்காமல் விட்டது.

“மாப்ள” என்று கூப்பிட்டாள். “இதுல இருந்து யார்னா தண்ணி எடுத்தாங்களா?”

இல்லை என்றான்.

“கோடு அவ போட்டதா?”

ஆமாம் என்றான்.

கங்கம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். “அவதான் மாப்ள. சொம்புத் தண்ணி அவளுக்கு இன்னாத்துக்கு? அவ தண்ணிய தேடினு வந்துக்கீறா.”

வெயில் காலம், மூடி இல்லாத தொட்டி, மேலே ஃபேன், நாளைக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும் என்று அவன் விளக்கினான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. அவளும் கேட்டாள். ஆவியானால் டிரம் தண்ணீர் ஏன் குறையவில்லை, சொம்பு ஏன் குறையவில்லை என்றாள். அதற்கும் பதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். சொல்லவில்லை.

“வருஷம் திரும்பற வரிக்கும் இதுலருந்து ஒரு சொட்டு வெளிய ஊத்தாதீங்க. எனக்கு வேற ஒன்னும் வாணாம் உங்க கிட்ட. நகை வாணாம், பொடவை வாணாம்.”

சரி அத்தை என்றான். அவள் திருப்பாச்சூருக்கு பஸ் ஏறினாள்.

*

ஊற்றாமல் இருக்கத் தொடங்கியது அந்த ஞாயிறுதான்.

கழுவுவதை அவன் விடவில்லை. பத்து மணிக்கு ஃபில்டரைத் திறந்தான். தொட்டியிலிருந்து ஒரு வாளி எடுத்து வளையங்களைக் களைந்தான். பாதி மட்டும். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அதைக் குளியலறையில் கொட்டிவிட்டு, புதிதாக உப்புக் கரைத்த ஒரு வாளியைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக் கதவு வரை போனான். அங்கேயே நின்றான். கை மரத்துப் போனது. திரும்பி வந்து வாளியைச் சுவரோரம் வைத்தான். சாயங்காலம் அடியில் கறுப்பு வண்டல் தங்கி, மேலே தெளிந்திருந்தது. தெளிந்ததை மக்கால் மொண்டு தொட்டியிலேயே ஊற்றினான். வண்டலை மட்டும் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கழுவி விட்டான்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தப்பு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரில் கரைந்திருப்பது தெரியாது. இதைச் சொல்லித்தான் கம்பெனியில் அவனுக்குச் சம்பளம் தருகிறார்கள். இருந்தாலும் வேலை முடிந்து வந்ததும் முதலில் கோட்டைப் பார்த்தான். குறைந்திருந்தால் ஆர்.ஓ. தண்ணீரைக் கோடு வரை ஊற்றினான். பிறகுதான் முகம் கழுவினான்.

வைகாசிக் கடைசியில் நாலு நாள் மழை பிடித்தது. காற்றெல்லாம் ஈரம். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. முதல் நாள் பேசாமல் இருந்தான். இரண்டாம் நாள் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் டேபிள் ஃபேனை எடுத்து வந்து நாற்காலி மேல் வைத்து, தண்ணீரைப் பார்த்துத் திருப்பி, வேகத்தைக் கூட்டினான். மறுநாள் அரை விரல் குறைந்திருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

உப்பு தொட்டியின் விளிம்பில் பூத்து ஒயர் வழியாக ஏறியது. தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த இளமதியின் படத்தின் சட்டத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. துடைத்தான். இரண்டு நாளில் மறுபடி வந்தது. சின்னப் பையை ப்ளீச்சில் ஊறப் போட்ட சாயங்காலங்களில் வீடு முழுக்க அவள் விரல் வாசனை வந்தது. அலசிக் காயப்போட்ட பிறகு வாசனை போய்விட்டதா என்று பையை முகத்தில் வைத்து மோந்து பார்ப்பதுதான் முறை. போயிருக்கும். கொஞ்சம் அதிக நேரம் வைத்துக்கொண்டிருப்பான்.

ஐந்தாவது வாரம் பொத்தான் பூக்கள் பாதிதான் விரிந்தன. ஆறாவது வாரம் விரியவில்லை. பாறையில் பழுப்புப் பாசி படர்ந்தது. கண்ணாடியைச் சுரண்டினான். மறுநாளே மூடிக்கொண்டது. பெரிய மீன் ஒரு மூலையில் ஒதுங்கி, போட்ட தீனியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் செய்யத் தெரிந்த ஒன்றையே செய்தான். இன்னும் கவனமாகக் கழுவினான்.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை. ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றினான். சொடக்கு இல்லை. நிலையருகே நின்றான். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நின்றான். பக்கத்து வீட்டில் குக்கர் ஏழு விசில் போட்டு நின்றது.

புதனும் இல்லை. வியாழனும் இல்லை.

சத்தம் கேட்ட நாளில் அவனுக்குப் பயம் வந்ததில்லை. இப்போது வந்தது. வெள்ளிக்கிழமை ஷைனிக்கு போன் செய்தான்.

*

ஷைனி, இளமதியோடு அதே லேபில் வேலை பார்ப்பவள். சாவுக்கு வந்து, அடக்கம் வரை இருந்து, போகும்போது தொட்டிக்கு எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொன்ன ஒரே ஆள். ஞாயிறு சர்ச் முடித்து நேராக வந்தாள். கையில் தண்ணீர் சோதிக்கும் கிட். படத்தின் முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம் தொட்டியைப் பார்த்தாள். “அய்யோ” என்று வாய்க்குள் சொன்னாள்.

அவன் காலையிலேயே வளையங்களைக் கழுவி முடித்திருந்தான். வாளி சுவரோரம் தெளிந்துகொண்டிருந்தது.

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது ரத்தச் சிவப்பாக நின்றது. கரைந்த கழிவு எவ்வளவு என்று காட்டும் நிற அட்டையில் அந்த நிறமே இல்லை. அதற்கு முந்தின கட்டத்தோடு அட்டை முடிந்துவிட்டது.

“அண்ணா, எப்போ தண்ணி மாத்துனீங்க?”

“வாரா வாரம் கழுவறேன்.”

“கழுவறத கேக்கல. மாத்தறத.”

ஷைனி அலமாரியைத் திறந்து உப்பு டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. பிரித்த தேதி மூடியில் இளமதியின் கையெழுத்தில் இருந்தது. அவள் போவதற்கு மூன்று வாரத்துக்கு முந்திய தேதி.

“உப்பு அப்படியே கீது. அப்போ கழுவுன தண்ணி எங்க போவுது?”

அவன் முகவாயைத் தூக்கித் தொட்டியைக் காட்டினான்.

ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வந்த சிரிப்பு. “அண்ணா, எங்க பிளான்ட்டுல அவுட்லெட் பைப்ப புடிச்சி இன்லெட்ல சொருவுனா, அடுத்த நாள் கேட்டுக்குள்ளயே உட மாட்டாங்க. நீங்க ரெண்டு மாசமா அதத்தான் பண்ணிக்கினு கீறீங்க. ஃபில்டர் எடுத்த அழுக்க மறுபடி அதுக்கே ஊட்டறீங்க.”

அவன் கங்கம்மா சொன்னதைச் சொன்னான். சொம்பு, நீலக் கோடு, இரண்டு விரல், வருஷம் திரும்பும் வரை. டேபிள் ஃபேனைப் பற்றியும் சொன்னான். அதை யாரிடமும் சொல்வான் என்று அவன் நினைத்திருக்கவில்லை. ஷைனி சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இளமதி அன்றைக்குச் செருப்போடு உட்கார்ந்த அதே நாற்காலி. கொஞ்ச நேரம் கிட்டின் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள்.

“மதி இத கேட்டா இன்னா சொல்லுவா?”

“லூசும்பா.”

“அவ்ளோதானா?”

“மீதிய சர்ச்சுக்குப் போய்ட்டு வந்தவங்க கிட்ட சொல்ல முடியாது.”

இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். ஷைனி மூக்கை உறிஞ்சினாள். பிறகு வேலை சொன்னாள். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது, அதுவே கொன்றுவிடும். இன்றைக்கு ஒரு வாளி. வாரம் ஒரு வாளி. முன்னே எப்படியோ அப்படியே. இன்னும் உயிர் இருக்கிறது, பாறையடியில் நாலைந்து பூ நுனி பச்சையாகத்தான் இருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டினாள். இன்னும் இரண்டு வாரம் இப்படியே விட்டால் எதுவும் மிஞ்சாது என்றும் சொன்னாள். எழுந்து, புது உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் அளந்து போட்டு, கலக்கும் மோட்டாரை விட்டாள். நாளைக்குக் கரைந்திருக்கும், நிதானமாக ஊற்றுங்கள் என்றாள். சுவரோரம் இருந்த வாளியைக் காட்டினாள்.

“அத நான் கொட்டட்டுமா?”

“வேணாம்.”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, கொட்டுவீங்க இல்ல என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவளுக்கு அது போதவில்லை என்பது தெரிந்தது. இருந்தாலும் போனாள்.

*

அவன் வாளியருகே தரையில் உட்கார்ந்தான். வண்டல் அடியில் தங்கியிருந்தது. மேலே கண்ணாடி மாதிரி தெளிவு.

கேட்காமல் கொட்டலாம். திருப்பாச்சூரில் இருப்பவளுக்குத் தெரியப் போவதில்லை. கோடு இருக்கும், தண்ணீரும் கோட்டில் நிற்கும். வந்து பார்த்தால் கண்ணாடியில் கையை வைப்பாள். அவள் அப்படி வைக்கும்போது தான் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தான். போனை எடுத்தான்.

முதல் மணியிலேயே எடுத்தாள். அவள் வேலைக்குப் போகும் பேக்கிங் கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. பின்னால் டி.வி. ஓடியது. “இருங்க மாப்ள” என்றாள். டி.வி. நின்றது.

“அத்தை, தொட்டித் தண்ணி ஊத்தணும்.”

அந்தப் பக்கம் நாய் குரைத்தது. யாரோ வண்டியைக் கிளப்பினார்கள்.

“அவ இப்போ வர்றதில்லியா?”

“தினமும் குறையுது” என்றான். அது உண்மை.

“அப்போ ஏன் ஊத்தணும்?”

“உள்ள இருக்கறது சாவுது அத்தை. அவ வளத்தது. பூ ஒன்னும் விரியல. மீனு சாப்பிடல. தண்ணி கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்.”

கங்கம்மா மூச்சு விடுவது கேட்டது. “அன்னிக்கு பின்னால குந்திக்கினு கழுவினீங்களே. ஊரே பேசிச்சி. எனக்கு ஒன்னும் தப்பாப் படல. அவ வேலைய யார்னா பாக்கணும் இல்ல. அப்டித்தான் நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எல்லாத்தயும் ஊத்தணுமா?”

“இல்ல. ஒரு பக்கெட். வாரம் ஒன்னு.”

“வாரம் ஒன்னுன்னா, எப்போ தீரும்?”

அவன் கணக்குப் போட்டான். போட வேண்டிய அவசியம் இல்லை, விடை முன்னாலேயே அவனிடம் இருந்தது. ஏழு வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் வாளியோடு குளியலறைக் கதவில் நின்று போட்ட கணக்கு.

“அத்தை, தண்ணி ஏற்கெனவே பாதி போயிருக்கும். ஆவியாப் போயிருக்கும். நான் ஊத்துனது ஆர்.ஓ. தண்ணி. நிக்கிறது உப்பு மட்டும்தான். அன்னிக்கு இருந்த உப்பு, ஏழு கிலோ. வாரம் ஒரு பக்கெட் எடுத்தா வருஷம் திரும்பறப்போ நாலு குழம்புக்குப் போடற அளவு இருக்கும். அடுத்த வருஷம் ஒரு சிட்டிகை. அதுக்கப்புறமும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

“தீராதா?”

“தீராது.”

“எனக்காக சொல்றீங்களா?”

“இல்ல. கணக்கே அப்படித்தான். எடுக்க எடுக்கப் பத்துல ஒரு பங்குதான் போவும். மீதி நிக்கும்.”

அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்தினான். அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். வாரச் சந்தையில் விலை கேட்டுவிட்டு நிற்பது போல.

“சரி” என்றாள். “போன வெச்சிடாதீங்க. ஊத்தறது எனக்குக் கேக்கணும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டுக் குளியலறை ஜன்னல் கட்டையில் வைத்தான். வாளியைத் தூக்கி வந்தான். தூக்கும்போது அடியில் இருந்த வண்டல் எழும்பித் தண்ணீர் முழுக்கக் கலங்கியது. வலது கை ஆள்காட்டி விரலில், காலையில் ஒரு உடைந்த வளையம் கீறிய இடத்தில், உப்புத் தண்ணீர் பட்டது. எரிந்தது. சுள்ளென்று, தோள் வரைக்கும் எரிந்தது. அவன் விரலைப் பார்த்தான். சாவு வீட்டிலிருந்து இதுவரை உடம்பில் எதுவும் வலித்த ஞாபகம் இல்லை.

வாளியைச் சாய்த்தான். தண்ணீர் தரையில் விழுந்து ஓடி, சல்லடை வழியாக இறங்கியது. வெயிலில் காய்ந்த கடற்கரை வாசனை எழுந்தது. ஓடிய இடமெல்லாம் மணல் போலக் கறுப்பாகக் கோடு விட்டது. போனில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

வாளியை நிமிர்த்தினான். சத்தம் நின்றது.

“ஆச்சா மாப்ள?”

“பாதி இருக்கு.”

“மெதுவா ஊத்துங்க” என்றாள் கங்கம்மா.